விரிசல் கண்ட கிண்ணத்துக்கு வெள்ளிப் பூண்

கடைசல் இயந்திரத்தில் உருவான மரக்கிண்ணம் விரிசல் கண்டால், அதை அடுப்பில் போடாமல், பிளவில் பித்தளைத் தூளைப் பசையோடு நிரப்பி மெருகேற்றி, ஊனத்தையே அணியாக்குவது இன்றைய மேலைநாட்டுக் கடைசற்காரர்களிடையே பரவலான வழக்கம். இதன் மூலம் எதுவென்று கேட்டால், உடைந்த பாண்டத்தை உருஷி என்னும் மரப்பால் அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன்தூள் தூவும் ஜப்பானியக் கின்ட்சுகி முறையே என்ற விடை ஆராயாமலே சொல்லப்படுகிறது. சுட்ட மண்ணுக்குக் கண்ட மருத்துவம் மரத்துக்கு எப்படி மூலமாகும் என்ற உறுத்தலே இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தது.

கின்ட்சுகிக்கு ஒரு பிறப்புக்கதை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஷோகன், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர், அஷிகாகா யோஷிமசா, தம் சீனத்துக் கிண்ணம் விரிசல் கண்டபோது அதற்கு இணையான வேறொன்றை வேண்டி அதைச் சீனாவுக்கு அனுப்பியதாகவும், அத்தகையது இனிச் செய்ய இயலாதென்று உலோகக் கவ்விகள் தைக்கப்பட்டு அதுவே திரும்பி வந்ததாகவும், அந்த அலங்கோலத்தைச் சகியாத ஜப்பானியக் கைவினைஞர் பொன்னை நாடியதாகவும் அக்கதை செல்கிறது. ஆனால் அந்தக் கிண்ணமாகப் போற்றப்படும் லாங்சுவான் பச்சைமெருகுக் கலம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பொன் இல்லை, கவ்விகளே இருக்கின்றன. 1727இல் ஜப்பானிய அறிஞர் இதோ தோகாய் என்பவர் அதன் வரலாற்றை எழுதி வைத்தார். தேநீர்க் கலையில் தோய்ந்தவர்களோ அந்தக் கவ்விகளையே சுவைத்துப் போற்றினர். அலங்கோலம் என்ற காரணமே அடிபட்டுப் போகும் இக்கதை, மரத்தைத் தேடுபவரை முட்டுச்சந்தில்தான் கொண்டு நிறுத்துகிறது. எனினும் அங்கே கண்ட கவ்வி, தேடலின் திசையை மாற்றியது.

மரம் உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரப்போக்கில் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. உலர்ந்த பின்னும் காற்றின் ஈரத்துக்கேற்ப அது அசைந்துகொண்டே இருப்பதால், இறுகிய பூச்சு மீண்டும் விடக்கூடும். விளிம்பை இருபுறமும் பற்றும் கவ்வியோ, உலக்கைக்கு இடுவது போன்ற பூணோ பிளவு மேலும் ஓடாமல் தடுக்கும்.

இத்தகைய கவ்விகள் இங்கிலாந்தின் 6, 7ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகளில் கிடைக்கின்றன. கடைந்த கிண்ணம் மக்கி மறைந்துவிட, விளிம்பில் மடித்து ஆணியடித்த செப்புக் கலவைத் தகடுகள் மட்டும் எஞ்சி, அங்கே ஒரு மரக்கலம் இருந்ததைச் சொல்கின்றன. அவற்றுள் சில பழுதுபார்க்க இட்டவையா, அழகுக்கு இட்டவையா என்று பிரித்தறிவது எளிதன்று. இந்த மயக்கமே தேடலின் மிகச் சுவையான பகுதி. 1939இல் அகழப்பட்ட சட்டன் ஹூ கப்பற்கல்லறையின் மேப்பிள் மரக் குடுவைகளுக்கு முலாம் பூசிய வெள்ளி விளிம்பு உண்டு. பின்னர், மரமுண்டிலிருந்து மெல்லியதாகக் கடைந்த மேசர் என்னும் இடைக்காலக் குடிகலங்களிலும் வெள்ளிப் பூண் தொடர்ந்தது. 1660இல் ஆங்கிலேயர் சாமுவேல் பெப்பிஸ் சாஃப்ரன் வால்டன் ஊரின் அறச்சாலையில் அத்தகையதொன்றில் குடித்ததைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்.

ஆகவே, இன்றைய மரக்கிண்ணத்தின் பொன்கோடு ஜப்பானுக்குக் கடன்பட்டிருக்கலாம். உடைந்த கடைசற்கலத்தை உலோகத்தால் காத்து அழகும் செய்யும் வழக்கமோ யோஷிமசாவுக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் மூத்தது. அதற்குக் கின்ட்சுகியை மூலமாகச் சொல்வது பொருந்தாது.