டீசலுக்குள்ள தண்ணி

90 தொடக்கம் 95 வரை யாழ்ப்பாணத்தில இருந்த ஆக்களுக்கு டீசலின்ர பெறுமதியை நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில ஓடின காலம், ஸ்ராட் எடுக்க மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். எங்கட பெரிய மாமா மசி பேர்குசன் 35 ரக்ரர் வைச்சிருந்தவர். கிளாலியால வள்ளத்தில வாற கானுக்குள்ள உப்புத் தண்ணி போறது புதினமில்லை. மாமா கானைச் சரிச்சு வைச்சு ஒரு நாள் அசைக்க விடமாட்டார். தண்ணி பாரம், அடியில போய்ப் படுத்திடும். மேல தெளிஞ்சதைக் குழாயால இழுப்பார். மிஞ்சின கலங்கலையும் ஊத்தமாட்டார், போத்திலில விட்டுத் திருப்பியும் தெளிய வைப்பார். விடிய ஸ்ராட் எடுக்க முதல் பில்ரருக்குக் கீழ இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்க்கிறது என்ர வேலை. கம்பசில ஒண்டரை வருசம் பௌதிகம் படிச்சன், இதைவிட உருப்படியா ஒண்டும் மனசில நிக்கேல்லை.

இதை ஏன் இப்ப எழுதுறன் எண்டால், பலெர்மோவில எங்கட தம்பி ஒருத்தருக்குப் போன ஜனவரியில நடந்த விசயம். இங்க எங்கட சனம் கூடுதலா வீட்டு வேலை, என்னைப்போல ரெஸ்ரோறன்ற் குசினி. இவர் நகரத்துக்கு வெளியில ஒரு கட்டட வேலையில, மண் கிண்டுற மெசினுக்கு டீசல் அடிக்கிறவர். நத்தார் லீவு முடிஞ்சு மெசினை எடுத்தால் இழுவை இல்லை, புகை, பிறகு நிண்டு போச்சு. பில்ரருக்குள்ள தண்ணி. முதலாளி எல்லாருக்கும் முன்னால "லாத்றோ" எண்டிட்டார். கள்ளன். டீசலை வித்துப்போட்டுத் தண்ணி விட்டவராம்.

டீசலுக்குள்ள தண்ணி எண்டவுடன சனத்துக்குக் களவுதான் ஞாபகம் வரும். ஊரிலயும் அப்பிடித்தான், செட்காரனைத் திட்டுறது. ஆனால் கனதரம் தண்ணி தானா வரும். அரை ராங்கியோட மெசினை விட்டால் மிச்ச அரை காத்து. இரவு குளிர அதில இருக்கிற ஈரம் வேர்க்கும். அதுதான் பின்னேரமே ராங்கியை நிரப்பு எண்டுறது. (தடை நேரத்தில எதால நிரப்புறது, அது வேற கதை.)

எனக்கு லீவு நாள் பார்த்துத் தம்பியோட போனன். யாட்டில பரல் ரெண்டும் நட்டமா, மூடி மேல பார்க்க நிக்குது, மழைத்தண்ணி விளிம்பு மட்டும். பகல் வெயிலுக்கு உள்ளுக்கிருக்கிற காத்து விரிஞ்சு மூடியால வெளியில போகும். இரவு சுருங்கேக்க மேல நிக்கிற தண்ணியை உள்ள உறிஞ்சும். ரெண்டாவது பரல் டிசம்பரில இறக்கினபடி, சீல் உடைக்கேல்லை. சீல் களவைத்தான் காட்டும், தண்ணியை மறிக்காது. மெக்கானிக்கிட்டத் தண்ணி கண்டுபிடிக்கிற பசை இருந்தது. தடியில பூசி அந்தப் பரலின்ர அடி மட்டும் விட்டு எடுத்தார், நுனியில நிறம் மாறியிருந்தது. முதலாளி பார்த்தார். ஒண்டும் கதைக்கேல்லை.

மாமாவின்ர ரக்ரர் கொஞ்சம் தண்ணியைப் பொறுக்கும். இப்பத்தைய மெசினுகளில 2000 பாருக்கு மேல அமுக்கம், உள் இடைவெளி மைக்ரோன் கணக்கு. பம்புக்கு எண்ணெய் மாதிரி வழுக்கல் குடுக்கிறதே டீசல்தான், அதில தண்ணி போனால் உராய்ஞ்சு கறள் பிடிக்கும். சூட்டுக்குத் துளி ஆவியாகி இஞ்செக்ரர் நுனியையே உடைக்கும். போதாததுக்கு ஐரோப்பாவில டீசலுக்க பயோடீசலும் சேர்க்கலாம், அது ஈரத்தைக் கூடப் பிடிக்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்தில கிருமி வளர்ந்து சளி மாதிரி வந்து பில்ரரை அடைக்கும். ஸ்பிரிட் விட்டால் சரி எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், புது மெசினுக்கு அந்த வைத்தியம் வேண்டாம். அடியில வடிச்சு எடுங்கோ.

பரலுகளை இப்ப படுக்க வைச்சிருக்கினம், ரெண்டு மூடியும் ஒரே மட்டத்தில, டீசலுக்குக் கீழ இருக்கிற மாதிரி. தம்பி விடிய விடியத் தண்ணி வடிக்கிறார். வேலை இருக்கு. ஆனால் இஞ்செக்ரருக்கெண்டு ஜனவரிச் சம்பளத்தில பிடிச்ச 300 ஒயிரோ இன்னும் வரேல்லை. தொழிற்சங்கத்துக்குப் போவம் எண்டு சொன்னன். பொறுங்கோ அண்ணை, பெர்மெசோ புதுப்பிக்கிற நேரம் எண்டுறார்.