எங்கள் வீட்டுக்கு 'சிக்னல்' வந்த கதை

பண்ணைப்புரம் என்றவுடன் நேயர்களுக்குச் சங்கீதந்தான் ஞாபகத்துக்கு வரும். இளையராஜா பிறந்த ஊரல்லவா? ஆனால் அங்கே இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்குள் சென்ற வருஷம் வரையில் ஒரு 'ஹலோ' கூட ஒழுங்காக நுழைந்தது கிடையாது. மேற்கே மலைத்தொடர் மதிலைப்போல் நிற்கிறது. வீட்டுக்கோ இரண்டடிக் கனத்தில் கருங்கல் சுவர். திருடனுக்குப் பயந்து பாட்டனார் எழுப்பிய சுவர், ரேடியோ அலைகளையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

கைப்பேசியில் பேசவேண்டுமானால் மொட்டை மாடியின் வடகிழக்கு மூலைக்குத்தான் போகவேண்டும். அந்த மூலைக்கு 'டெலிபோன் ஆபீஸ்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஐப்பசி மாதத்து ஓர் இரவு வரையில் அதெல்லாம் வேடிக்கையாகவே இருந்தது.

அன்று நல்ல மழை. எழுபத்திரண்டு வயதான என் தாயாருக்குத் திடீரென்று தலை சுற்றியது. மதுரையிலிருந்த என்னை அழைப்பதற்காக நனைந்த படிகளில் ஏறினார், வழுக்கி விழுந்தார், கணுக்கால் முறிந்தது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு மாமா சொல்லித்தான் எனக்குச் சமாசாரம் தெரிந்தது. "உன்னைக் கூப்பிடத்தானப்பா ஏறினேன்" என்று தாயார் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

உடனே ஒரு 'பூஸ்டர்' வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். மாடியில் ஒரு ஆன்டெனா. நடுவில் அலையைப் பெருக்கும் பெட்டி. உள்ளறையில் இன்னொரு ஆன்டெனா. மாடியில் கிடைக்கும் அலையைப் பெருக்கி அறைக்குள் விடுவதும், அறையிலிருந்து பேசும் குரலைப் பெருக்கி டவருக்கு அனுப்புவதும் அதன் வேலை. கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் சிக்னலின் பலத்தை அளந்து பார்த்தேன். மாடியில் மைனஸ் 95. உள்ளறையில் மைனஸ் 115. இருபது டெசிபல்தானே என்று எண்ணாதீர்கள். நூறு பங்கில் தொண்ணூற்றொன்பதைச் சுவர் விழுங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்!

வாங்குவதற்கு முன், ஊரில் நெடுங்காலம் 'மைக் செட்' வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் மேடை மேடையாகப் பாடிய ஊரல்லவா? இங்கே மைக்கின் குணம் அறியாதவர் குறைவு.

"மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே திருப்பினால் என்ன ஆகும், தம்பி?" என்று அவர் கேட்டார்.

"ஊளையிடும்."

"உன் இரண்டு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று காது கொடுத்தால் அதுவும் ஊளையிடும். ஆனால் அந்தச் சத்தம் உன் காதில் விழாது. டவரின் காதில் விழும்."

பிறகு விசாரித்தபோது அவர் சொன்னது முற்றிலும் மெய்யென்று தெரிந்தது. சரியாகப் பொருத்தாத ஒரு பெட்டி டவருக்குள் இரைச்சலைக் கொட்டினால், அதே டவரை நம்பியிருக்கும் அண்டை வீடுகளின் பேச்சும் கெடும். என் தாயாருக்காக நான் வாங்கும் பெட்டி, இன்னொருவரின் தாயார் வைத்தியரை அழைக்கும் அழைப்பைத் தடுக்கக்கூடும்!

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கவில்லை. கம்பியில்லாத் தந்திக் கருவியை அநுமதியின்றி வைத்திருக்கலாகாது என்று 1933-ஆம் வருஷத்துச் சட்டமே விதித்திருந்தது. லைசென்ஸ் பெற்ற டெலிபோன் கம்பெனிகள் தவிர வேறெவரும் பூஸ்டரை விற்பதோ, வைத்திருப்பதோ, உபயோகிப்பதோ சட்டவிரோதம் என்று மத்திய சர்க்கார் 2022-இல் தெளிவாக அறிவித்தது. அமெரிக்காவில் 2013-இல் தனி விதிகள் வகுத்தார்கள். தரச்சான்று பெற்ற பெட்டியைக் கம்பெனியில் பதிவு செய்துகொண்டு அங்கே வைத்துக்கொள்ளலாம். ஆகவே, அந்நாட்டார் கூறும் புத்திமதி நமக்குப் பொருந்தாது. கடையில் கிடைக்கிறது என்பதனாலேயே ஒரு பொருள் நியாயமானதாகிவிடாது.

அப்படியானால் என்னதான் செய்வது? கற்சுவரைத் தாண்ட அலைக்குத்தான் முடியாது, கம்பிக்கு முடியுமே! கண்ணாடி இழைக் கம்பி வழியாக வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கி, வைஃபை பெட்டியைத் தாயாரின் அறையிலேயே வைத்தேன். வேறு அறையில் வைத்திருந்தால் அதையும் கருங்கல் விழுங்கியிருக்கும். கைப்பேசியில் 'வைஃபை காலிங்' என்ற வசதியைத் திறந்துவிட்டேன். அதே நம்பர், அதே கைப்பேசி. குரல் மட்டும் டவருக்குப் பதிலாகக் கம்பி வழியே கம்பெனியைச் சேர்கிறது. இந்த வசதி கைப்பேசியிலும் இருக்கவேண்டும், கம்பெனியும் அளிக்கவேண்டும். இரண்டையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நலம். மழை நாளில் மின்சாரம் நின்றாலும் வைஃபை நிற்காதிருக்க ஒரு சிறு பாட்டரிப் பெட்டியையும் இணைத்தேன்.

முதல் அழைப்பு இரவு ஒன்பது மணிக்கு வந்தது. "எங்கேயிருந்து பேசுகிறீர்கள், அம்மா?" என்று பதறினேன்.

"கட்டிலில் படுத்துக்கொண்டுதானப்பா" என்றார்.

ஆயினும் கணக்கு முழுவதும் தீர்ந்துவிடவில்லை. மாதந்தோறும் இணைப்புக்குப் பணங்கட்ட இயலாதவர்கள் எங்கள் தெருவில் இன்னும் மாடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டவரின் பலத்தை உயர்த்தித் தரும்படி தெருவார் பதினொரு பேர் கையெழுத்திட்டுக் கம்பெனிக்கு மனு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என் தாயாருடையது.