கழிவும் உயிர் காக்கும்

மலம் என்னும் சொல்லை அவையில் உரைக்கவும் மாந்தர் நாணுவர். அவ்வாறு நாணி ஒதுக்கும் பொருளே கொடிய குடல் நோய் ஒன்றுக்கு மருந்தாகிறது என்றால், கேட்போர் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும், முகம் சுளிப்பது வேறு. உண்மை காண்பது வேறு.

மனிதக் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுட் பல, உணவு செரிக்கத் துணைநிற்பவை. நோய் தீர்க்க உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், தீயவற்றோடு இந்த நல்லவற்றையும் அழித்துவிடுவதுண்டு. பயிர் பட்டுப்போன வயலில் களை மண்டுவது போல, அவ்வேளையில் ‘கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்’ என்னும் கிருமி பெருகி நஞ்சு உமிழ்கிறது. கடும் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. முதியோர் சிலர் இறந்தும் போகின்றனர். மருந்து கொடுத்தால் தணியும் இந்நோய், நிறுத்தியபின் சிலருக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. களையை அறுத்தால் மட்டும் போதுமா? பயிரையும் திரும்ப நடவேண்டும் அன்றோ?

அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அதையே செய்தனர். கடுங்குடலழற்சியால் நலிந்த நால்வர்க்கு, நலமுடையோரின் மலக் கரைசலை ஆசனவாய் வழியே செலுத்தினர், நால்வரும் தேறினர். 1958இல் இச்செய்தி வெளிவந்தது. இத்தகைய அழற்சிக்குக் காரணமான கிருமி இன்னதென்று தெளிவானதோ 1978இல்தான்.

நால்வர் பிழைத்தது நம்பிக்கைக்கு வித்து, மெய்ப்பிப்பு ஆகாது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. நோய் திரும்பத் திரும்ப வந்தோருள் 16 பேருக்கு மலக் கரைசல் மெல்லிய குழாய் வழியே குடலுக்குள் செலுத்தப்பட்டது. முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். மறுமுறை செலுத்தியபின் மேலும் இருவர் நலம் பெற்றனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் நலம் பெற்றவர் நால்வரே. வேறுபாடு பெரிதாயிருந்தமையால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

இதனால் எவர் மலமும் மருந்தாகும் என எண்ணலாகாது. மருந்துக்கு அடங்காத கிருமி கலந்த கரைசலால் இருவர் நோயுற்று, அவருள் ஒருவர் மாண்டதை அமெரிக்க மருந்து ஆணையம் 2019இல் அறிவித்தது. அதன்பின் கொடையாளரைச் சோதிக்கும் விதிகள் கடுமையாயின. 2022இலும் 2023இலும் இவ்வகை மருந்துகள் இரண்டுக்கு அவ்வாணையம் இசைவளித்தது. அவற்றுள் ஒன்று விழுங்கும் மாத்திரை வடிவினது.

அருவருப்பால் இந்த மருத்துவத்தைத் தள்ளியிருந்தால் பலர் உயிர் போயிருக்கும். ஆர்வத்தால் சோதியாது கொண்டமையால் ஓர் உயிர் போயிற்று. ஒரு பொருளை இகழுமுன்னும் புகழுமுன்னும் ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்தை மாணாக்கர் இளமையிலேயே கைக்கொள்ளல் வேண்டும்.