பட்டியலில் பேர் இருக்கிறது

திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் குனிந்து ஓர் அடிமரத்தைத் தொட்டுப் பார்க்காமல் நகர்வதில்லை. பட்டையின் வரி தெரிகிறது, கிளை முறிந்த கணு தெரிகிறது. கையில் படுவதோ கல். 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் குறித்துவைத்த மரங்கள் இவை. வயது சுமார் 2 கோடி ஆண்டு.

பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் 44 நெட்டிலும் இப்படிக் கல்லாகிப்போனவை உண்டு.

44 என்று தொடங்கும் இணைய முகவரிகள் அத்தனையும், 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல், 1981இல் ஹாங்க் மக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாமின் முயற்சியால் ஹாம்களுக்குக் கிடைத்தன. கால் பங்கு 2019இல் அமேசானுக்கு விற்கப்பட்டது. மீதியை வைத்து, வீட்டு ரவுட்டரையே கேட்வேயாக்கி, இணையத்தினூடே டனல் போட்டு ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்கிறார்கள். எந்த முகவரிக்கு யார் வீட்டு வழியாகப் போவது என்ற பட்டியலை, சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த கம்ப்யூட்டர் பல ஆண்டுகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் அனுப்பி வந்தது.

வீட்டுக்காரர் பிராட்பேண்டை மாற்றினால் ஐ.பி. மாறிவிடும். சொல்லாமல் விட்டால் பட்டியலில் பழசே கல்மரமாக நிற்கும். அனுப்பிய பாக்கெட், முன்பின் தெரியாத யாருடைய மோடத்திலோ போய் விழும். பல சமயம் பிழைச் செய்திகூடத் திரும்பி வராது. அனுப்பியவர் தன் ஆன்டெனாவைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

பதில் வராததை உடனே நீக்கிவிடலாமே? அவசரப்படக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திருவக்கரைக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சங்கராபரணியில் வெள்ளம்; ஊர் ஊராகக் கரண்ட் இல்லை. அந்த வாரம் இந்தப் பக்கம் கேட்வே இருந்திருந்தால் அதுவும் ஊமையாகத்தான் கிடந்திருக்கும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் போன்ற ஹாம்கள் அந்தமானின் செய்தியை வெளியே சேர்த்தார்கள். வெளியுலகம் ஹாம்களைத் தேடுவது இப்படிப்பட்ட நாட்களில்தான். மூன்று நாள் மௌனத்துக்காகப் பேரை அடித்தால், கரண்ட் வந்ததும் பேச வேண்டியவருக்கே வழி அடைபடும். மூன்று வருஷ மௌனம் வேறு விஷயம். அப்போதும் முதலில் உரிமையாளருக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்ப்பதே மரியாதை.

சில கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் இருப்பதில்லை. நெடுங்காலம் 44 நெட்டைக் கட்டிக்காத்த பிரையன் கான்டரே 2019 நவம்பரில் காலமானார். அவர் வேலையைத் தொடர, அந்த முகவரிகளை நிர்வகிக்கும் அறக்கட்டளையில் ஆட்கள் இருந்தார்கள், நெட் நிற்கவில்லை. தனியாளாக நடத்தும் கேட்வேக்கு அந்த வசதி கிடையாது. அதன் பாஸ்வேர்டு பெரும்பாலும் நடத்துபவர் ஒருவருக்குத்தான் தெரியும்.