சக்கரத்தின் அம்பு எந்தப் பக்கம்?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் ஒன்று, ஓடும் வண்டியின் சக்கரத்துக்குக் கோணத் திசைவேக வெக்டர் எந்தப் பக்கம் என்ற கேள்வி. வலக்கை விதி கடினமானதல்ல. சக்கரத்தின் முகத்தைப் பார்த்து, 'கடிகாரச் சுற்றா, எதிர்ச்சுற்றா' என்று தொடங்குவதில்தான் கோளாறு என்பது கற்பிப்பவனாக என் கட்சி. மீஞ்சூரில் நேர் வடக்கே போகும் ஒரு கன்டெய்னர் லாரியை எடுத்துக்கொள்வோம். சாலையின் மேற்கு ஓரத்தில் நிற்பவருக்கு அதன் சக்கரம் எதிர்ச்சுற்று. கிழக்கு ஓரத்தில் நிற்பவருக்குக் கடிகாரச் சுற்று. இருவர் சொல்வதும் சரி. ஆனால் பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கேற்ப மாறும் விடை வண்டியைப் பற்றிய விடை ஆகாது.

ஆகவே தரையிலிருந்து தொடங்க வேண்டும். வழுக்காமல் உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவற்றிருக்கிறது. அச்சு வண்டியின் வேகத்திலும் உச்சி அதைப்போல் இருமடங்கிலும் முன்னே போகின்றன. அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரம் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடினால் அச்சு வினாடிக்கு 10 மீட்டர், உச்சி 20 மீட்டர். கோணத் திசைவேகம் வினாடிக்கு 20 ரேடியன். உச்சி போகும் பக்கம் வலக்கை விரல்களை மடக்கினால் கட்டைவிரல் மேற்கைக் காட்டும், அதாவது ஓட்டுநரின் இடப்பக்கத்தை. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இதே திசைதான். ஐயமிருப்பவர் கும்மிடிப்பூண்டி தடத்தில் ஓடும் மின்சார ரயிலைப் பார்க்கலாம். அதில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஓர் அச்சுக்கு இரண்டு சுழற்சித் திசைகள் இருக்க வழியில்லை. ரயில் சென்னைக்குத் திரும்பும்போது வெக்டரும் கிழக்குக்குத் திரும்பும். ஓட்டுநர் மறுமுனை அறைக்கு மாறிவிடுவதால், அவருக்கு அது அப்போதும் இடப்பக்கமே. வண்டி ரிவர்ஸில் போனால் மட்டும் வலப்பக்கம்.

அந்தப் பக்கம் எதுவுமே நகரவில்லையே, இது வெறும் ஏட்டு அம்புதானே என்று கேட்பவர் உண்டு. வலக்கை என்பது ஓர் உடன்பாடு என்பது உண்மைதான். எல்லோரும் இடக்கைக்கு மாறினால் அம்பு புரளும். ஆனால் அதிலிருந்து உச்சியின் வேகத்தைக் கணக்கிடும்போது கை மறுபடியும் வருவதால் விடை மாறாது. அம்பு காட்டும் அச்சும் கற்பனையல்ல. சைக்கிள் கடையில் இதற்குச் சான்று இருக்கிறது. இரண்டு பெடல்களும் ஒரே திசையில்தான் சுற்றிவருகின்றன. அவை கிராங்கில் நுழையும் பக்கங்கள்தான் எதிரெதிர். அதனால்தான், மிதிக்கும்போது கழன்றுவிடாதபடி, இடப் பெடலுக்கு எதிர் மரை வைக்கிறார்கள். முகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது புதிர். அச்சைப் பார்ப்பவருக்குத் தெளிவு.

'முன்னே போனால் இடப்பக்கம்' என்று மனப்பாடம் செய்தால் போதாதா? நேர்ச்சாலையில் போதும், திருப்பத்தில் போதாது. வடக்கே போகும் லாரி வேகம் குறையாமல் வலப்புறம் கிழக்கே திரும்பினால், மேற்கைக் காட்டிய அம்பு வடக்கைக் காட்டத் தொடங்கும். ஸ்பீடாமீட்டர் முள் அசையவில்லை. திசை மாறியதாலேயே கோண முடுக்கம் உண்டு. வளைவில் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வதால் அதன் அம்பு நீளம். வண்டியே வலப்புறம் திரும்பும் சுழற்சிக்கு உரிய அம்பு கீழ்நோக்கியது. அதையும் கூட்டினால் ஒவ்வொரு சக்கரத்தின் மொத்த அம்பும் சற்றே தரைப்பக்கம் சாயும். மனப்பாடம் இவற்றில் ஒன்றையும் தராது. ஆகவே ஆசிரியர்கள் கரும்பலகையில் சக்கரத்தின் முகத்தை வரைவதற்கு முன், வண்டியை மேலிருந்து பார்த்து அச்சையும் போகும் திசையையும் வரையட்டும். கடிகார முள்ளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரலாம். வராமலே போனாலும் குறையொன்றுமில்லை.