மறுபடியும் அந்தப் பூங்காவில்

நியூயார்க்குக்கு இரண்டு தடவை போய் வந்தவன் எதைப்பற்றி எழுதுவான்? சுதந்திர தேவியின் சிலையைப்பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பர்கர் கடையைப்பற்றி. அந்தக் கடைக்கு மட்டும் இரண்டு தடவையும் போனேன்.

மாடிசன் ஸ்குவேர் என்பது நகரத்தின் நடுவில் ஒரு பூங்கா. அதன் ஓரத்தில், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் முக்கோணமாக நிற்கிறதே, 1902-ல் கட்டி முடித்த பிளாட்டிரன் கட்டடம், படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இந்தப் பூங்காவைச் சீர்திருத்தும் பணிக்கு உதவியாக 2001-ல் ஒரு தள்ளுவண்டி வைத்து, ரொட்டிக்குள் நீளக் கறித்துண்டு செருகி விற்றார்கள். விற்றவர் தெருவோர வியாபாரி அல்ல. பெரிய பெரிய போஜனசாலைகள் நடத்திக்கொண்டிருந்த டானி மேயர். வண்டிக்கு முன்னால் கூட்டம் தாங்கவில்லை. 2004-ல் அதே பூங்காவில் நிலையான கொட்டகை எழுந்தது. 'ஷேக் ஷாக்' என்று பெயர். 2015-ல் அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டன. தள்ளுவண்டிக்கு வந்த யோகத்தைப் பாருங்கள்!

முதல் தடவை நான் போனது 2012-ல். ஜெர்ஸி சிட்டியில் இருக்கிற என் தம்பி அழைத்துப் போனான். அன்று காலையில்தான், நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த திருச்செந்தூர் இலை விபூதியைக் கண்ணில் ஒற்றி, நெற்றி நிறையப் பூசிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்றோம். நெடிய வரிசை. அது எவ்வளவு நீளம் என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ள ஒரு காமிராகூட வைத்திருந்தார்கள். ஜன்னலில் பணம் கட்டியதும் கையில் ஒரு சின்னக் கருவியைத் தந்தார்கள். பண்டம் தயாரானதும் அது உள்ளங்கையில் பிடிபட்ட வண்டு மாதிரி அதிர்ந்தது.

எனக்குக் காளான் பர்கர். பெரிய குடைக்காளானுக்குள் பாலாடைக்கட்டியை அடைத்து, மொறுமொறுவென்று பொரித்து, மிருதுவான உருளைக்கிழங்கு ரொட்டிக்கு நடுவில் வைத்திருந்தார்கள். தம்பிக்கு மாட்டிறைச்சி. உருண்டையைச் சுடுகல்லில் போட்டு இரும்புத் தட்டையால் ஓங்கி அழுத்துகிறார்கள், ஓரமெல்லாம் முறுகலாகிவிடுகிறது. நம் ஊர்த் தோசைக் கல்லில் ஓரம் முறுகுமே, அந்தப் பக்குவம்தான். தம்பி அதை இரண்டு கையாலும் ஏந்திக் கடித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கா?" என்றுகூடக் கேட்டேன். பரம யோக்கியன் மாதிரி என் காளானைத் தின்றேன். அதன்மேல் தடவியிருந்த குழம்பில் முட்டை உண்டு என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கே சொல்லாததை ஊருக்கு வந்து எழுதினேன். அந்த வருஷத் தீபாவளி மலருக்கு ஒரு கதை. நெற்றியில் விபூதி, வாயில் மாடு, மீசையில் மஞ்சள் குழம்பு என்று ஓர் அமெரிக்கத் தம்பி. வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்துக் கடிதம் எழுதினார்கள். எனக்கும் வெகு திருப்தி.

என் கதை அச்சில் வந்தால், அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிடுவாள். இதையும் படித்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2013 வைகாசியில் தம்பி ஊருக்கு வந்தான். எங்கள் எல்லோருக்கும் வழக்கமான எவர்சில்வர் தட்டு; அவனுக்கு மட்டும் தலைவாழை இலை. "இலையிலே சாப்பிட்டு நாளாச்சேய்யா" என்றாள் அம்மா. விருந்தாளி மரியாதை என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. இரண்டு வேளை அப்படித்தான் சாப்பிட்டான். மூன்றாம் வேளை, இலையின் முன்னால் உட்கார்ந்தவன், எங்கள் தட்டுகளையும் இலையையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தான். தட்டென்றால் கழுவி அடுக்கவேண்டும். இலையைத் தூக்கி எறிந்துவிடலாம். பேசாமல் சாப்பிட்டுவிட்டு, இலையைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

அதற்கப்புறம் அவன் வருகை குறைந்தது. 2019-ல் அம்மா போனபோது வந்தான். காரியம் முடிந்ததும் புறப்பட்டுவிட்டான்.

2024-ல் நான் மறுபடியும் போனேன். "அந்தப் பூங்காவுக்குப் போவமா, அண்ணே?" என்று அவனேதான் கேட்டான். முக்கோணக் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். கொட்டகை அப்படியே இருந்தது. உருளைக்கிழங்கு வறுவலும் அதே நெளிநெளி வறுவல்தான். ஆனால் நடுவில் அதற்கும் ஒரு சோதனை வந்துவிட்டுப் போயிருந்தது. பெட்டியில் உறைந்து வரும் நெளி வறுவல் மட்டமென்று, 2013-ல் புதுக் கிழங்கைக் கையால் நறுக்கிப் போடத் தொடங்கினார்களாம். உயர்ந்த சரக்குதான். ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய நெளி வறுவல்தான் வேண்டுமென்று முறையிட, 2014-ல் அதற்கே திரும்பிவிட்டார்கள். தம்பி இதை ஏகப்பட்ட விவரங்களோடு சொன்னான். பேச வேண்டிய வேறு விஷயம் இருக்கும்போது மனிதர்களுக்கு உருளைக்கிழங்கைப்பற்றி எவ்வளவு தெரிந்திருக்கிறது!

தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டும் காளான் பர்கர்.

"ஒனக்கும் இதுதானா?"

"ரத்தக் குழாயிலே அடைப்பு. ஸ்டென்ட் வச்சிருக்கு. டாக்டர் மாட்டை நிறுத்தச் சொல்லிட்டார்." சற்றுப் பொறுத்து, "அம்மா கேட்டிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்தது. காலடியில் ஓர் அணில் வந்து நின்று எங்கள் தட்டையே பார்த்தது.

"அந்தக் கதை..." என்று ஆரம்பித்தேன்.

"படிச்சேன். ஊருக்கு வந்திருந்தப்போ மலர் அலமாரியிலேதான் இருந்தது. மத்தியானம் படிச்சேன், ராத்திரிதான் இலை புரிஞ்சது."

"அது கதைடா. யாரோ ஒருத்தன்..." என்றேன். பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பொய் அது. அவன் முகத்தைப் பார்த்தபின் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "உன்னைத்தான் எழுதினேன். தப்பு செஞ்சிட்டேன்" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் ஒரு வறுவலை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எனக்கு மீசையே கிடையாதே, அண்ணே. எதுக்கு மீசை வச்சே?"

வாஸ்தவம். அவனுக்கு மீசை கிடையாது, எனக்குத்தான் உண்டு. என்ன சொல்வதென்று தெரியாமல் பர்கரைத் தூக்கிப் பெரிதாக ஒரு கடி கடித்தேன். அவசரக் கடி. உள்ளே உருகியிருந்த பாலாடைக்கட்டி ஒரு பக்கமும் குழம்பு ஒரு பக்கமுமாகப் பிதுங்கின. தம்பி என்னையே பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஒரு காகிதத் துண்டை என் பக்கம் நீட்டினான்.

துடைத்துக்கொண்டேன். "போயிட்டுதா?"

"எடது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு, அண்ணே" என்றான்.