டபுள் சிக்னல்

ஆயுத பூஜைக்கு வண்டி கொண்டு வர்றவங்களுக்காக இதை எழுதுறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். லீவு நாள்ல டீ குடிச்சிக்கிட்டே படிங்க.

நாங்க துவாஸ்ல ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர். 1996-ல இங்க வந்தப்போ செகண்ட் லிங்க் பாலமே கிடையாது. அது 1998-லதான் திறந்தாங்க. துவாஸ் வரைக்கும் எம்ஆர்டி வந்தது 2017-ல. அதுக்கு முன்னாடியும் சரி, இன்னைக்கும் சரி, எங்க ஆளுங்களுக்கு லாரிதான். ஜூரோங் பக்கம் டோர்மிட்டரியில ஏத்தி துவாஸ்ல இறக்குவோம், துவாஸ்ல ஏத்தி அங்க கொண்டுபோய் விடுவோம். கோயில்ல தொண்டு செய்யுறவங்கள்ல பாதிப் பேர் இப்படி லாரியில வேலைக்குப் போறவங்கதான். அதனாலதான் இந்த விஷயத்தை இங்க எழுதுறோம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மழைக்காலத்துல நடந்தது. நைட் ஷிஃப்ட் ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஏவய்யி-யில போய்க்கிட்டு இருந்தோம். சாயங்காலம் ஆறரை இருக்கும். பின்னாடி பன்னெண்டு பேர். முன்னாடி டிரைவர் தம்பியும் நாங்க ரெண்டு பேரும். தம்பிக்கு வயசு இருபத்தஞ்சு, மன்னார்குடிப் பக்கம். லைசென்ஸ் மாத்தி லாரி சாவி கையில வாங்கி ஒன்பது நாள்தான் ஆச்சு. மழைன்னா சாதாரண மழை இல்ல, வைப்பரை வேகமா வச்சும் கண்ணாடிக்கு முன்னாடி ஒண்ணும் தெரியல. அந்த நேரம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஜோகூருக்கு வீடு திரும்புற மோட்டார் சைக்கிள் எல்லாம் ரெண்டு பக்கமும் தேனீ மாதிரி போகும்.

நாங்கதான் சொன்னோம். "தம்பி, டபுள் சிக்னல் போடு, பின்னாடி வர்றவனுக்குத் தெரியட்டும்."

தம்பி சிவப்பு முக்கோண பட்டனை அமுக்கினான். டக் டக்குனு நாலு பக்கமும் மின்ன ஆரம்பிச்சது. எங்களுக்கும் ஒரு தைரியம். செகண்ட் லிங்க்குக்கு அந்தப் பக்கம் மழை வந்தா எத்தனை பேர் இப்படிப் போட்டுக்கிட்டு ஓட்டுறாங்க, நாங்களும் பார்த்துப் பார்த்து அதுதான் சரின்னு நினைச்சிட்டோம்.

எக்ஸிட் வந்தது. தம்பி இடது சிக்னல் போட்டான், கண்ணாடி பார்த்தான், மெதுவாத்தான் திருப்பினான். அவன் செஞ்சதுல ஒரு குறையும் இல்ல. ஆனா டபுள் சிக்னல் ஓடிக்கிட்டு இருக்கும்போது நீங்க சிக்னல் குச்சியை மேல தள்ளினாலும் கீழ தள்ளினாலும் வெளியில ஒண்ணும் மாறாது. நாலும் சேர்ந்து மின்னிக்கிட்டேதான் இருக்கும். பெரும்பாலான வண்டியில வயரிங் அப்படி. உள்ள இருக்கிறவன் சிக்னல் போட்டுட்டோம்னு நினைப்பான். வெளியில இருக்கிறவனுக்கு லாரி நேரா போகுதா, திரும்புதா, பழுதாகி நிக்கப் போகுதான்னு தெரியாது.

இடது பக்கம் வந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் தெரியல. லாரி மூக்கைத் திருப்பினதும் பிரேக் பிடிச்சாரு, ஈர ரோடு, வழுக்கிட்டாரு. நம்ம வண்டி அவரைத் தொடல. ஆனா தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. கேலாங் பாத்தா பக்கம் வீடு. மலாய்க்காரத் தம்பி, அவரும் நம்மள மாதிரி ஃபேக்டரிதான். மழையில ரோட்டோரம் உக்காந்து, ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சிக்கிட்டு, "சிக்னல் தடா, பாங்" அப்படின்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. சிக்னல் இல்லையே அண்ணேன்னு அர்த்தம்.

நம்ம தம்பி, "போட்டேன் அண்ணே, போட்டேன் அண்ணே"ன்னு எங்களைப் பார்த்து அழுதான். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை.

இதுக்கு மேலதான் எங்களுக்கு எழுதக் கஷ்டமா இருக்கு. அன்னைக்கு ராத்திரி ஃபேக்டரி ரிப்போர்ட் எழுத வேண்டியது சூப்பர்வைசர் வேலை. நாங்கதான் எழுதினோம். காரணம் என்கிற கட்டத்துல "டிரைவர் கவனக்குறைவு"ன்னு போட்டோம். டபுள் சிக்னல் போடச் சொன்னது யாருன்னு எழுதல. பக்கத்துல உக்காந்திருந்த ஷிஃப்ட் லீடரும் ஒண்ணும் பேசல. தம்பி கையெழுத்துப் போட்டான். இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக்கூடப் பார்க்கல. எங்க மேல அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயில்ல வரிசை ஒழுங்குபடுத்துற தொண்டு. "உள்ள செருப்பு போடாதீங்க, வரிசையில வாங்க"ன்னு ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்லிக்கிட்டு நின்னோம். அபிஷேகம் முடிஞ்சு தீபாராதனை காட்டுறப்போ கண்ணு மூடினா அந்த நாலு மஞ்ச விளக்குதான் மின்னுது. சனிக்கிழமை காலைல நாங்க ரெண்டு பேரும் மேனேஜர் ரூமுக்குப் போய் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கி எழுதினோம். போடச் சொன்னது நாங்க, அது தப்புன்னு எங்களுக்கே தெரியாதுன்னு. போலீஸ்லயும் அதையே சொன்னோம். தம்பிக்கு டீமெரிட் பாயிண்ட் விழுந்தது, அதைத் தடுக்க முடியல, ஸ்டீயரிங் பிடிச்சவன் அவன்தானே. ஆனா வேலை போகல. எங்களுக்கு ஒரு வார்னிங் லெட்டர். அது இன்னும் எங்க டிராயர்ல இருக்கு.

சரி, ஏன் தெரியாம போச்சு? இருபத்தஞ்சு வருஷமா லாரியில முன் சீட்டுல உக்காந்து போறோமே? யோசிச்சுப் பார்த்தா, வண்டி விளக்கு எல்லாம் ஒரு பாஷை மாதிரி. ஊருக்கு ஊர் மாறுது. நம்ம ஊர் ஹைவேஸ்ல முன்னாடி போற லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டா "நீ என்னை ஓவர்டேக் பண்ணிக்கோ"ன்னு அர்த்தம் எடுத்துக்குவோம். இங்க அப்படி எடுத்துக்கிட்டா அவர் வலது பக்கம் வரும்போது நேரா போய் மோதுவீங்க. ஜங்ஷன்ல நேரா போறதுக்கு நாலு விளக்கையும் மின்ன விடுற பழக்கம் ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு. இங்க அது ஓடுற வண்டிக்கு இல்ல. வண்டி பழுதாகி நின்னா, ஆபத்தா நிக்க வேண்டி வந்தா, அப்போ போடுறது. ஊர்ல கிளீனர் கையை வெளிய நீட்டி, தகரத்தைத் தட்டி "ரைட் ரைட்"னு சொன்ன காலத்துல பிறந்தவங்க நாங்க. கண்ணால பார்த்துக் கத்துக்கிட்டோம், யாரும் சொல்லிக் கொடுக்கல.

சிங்கப்பூர்ல 2023 ஜனவரியிலேருந்து ஆள் ஏத்துற லாரியில "வெஹிகிள் படி"னு ஒருத்தர் இருக்கணும்னு சட்டம். டிரைவர் தூங்காம, கவனமா ஓட்டுறாரான்னு பார்த்துக்கிற ஆள். மழைக்கு மறைப்பும் கட்டாயம். 2021 ஏப்ரல்ல பிஐஇ-யில, நின்னுக்கிட்டு இருந்த டிப்பர் லாரியில ஆள் ஏத்தின லாரி மோதி ரெண்டு பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அதுக்கப்புறம் நிறைய பேச்சு வந்தது. எங்களைக் கேட்டா இந்த வெஹிகிள் படி நம்ம ஊர் கிளீனர்தான், பேர்தான் வேற. ஆனா பக்கத்துல உக்காந்தவனுக்கு டாஷ்போர்டு படிக்கத் தெரியலன்னா, எங்களை மாதிரி, தப்பா யோசனை சொல்லத்தான் ஆகும்.

அதனால அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடி, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பழைய மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு ஃபேக்டரி வாசல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து கத்துக்கிட்டோம். வெக்கத்தை விட்டுக் கேட்டோம். அவர் சொன்னதுல முக்கியமானதை எழுதுறோம்.

டாஷ்போர்டுல கலர்தான் முதல் பாடம். சிவப்பு எரிஞ்சா நிறுத்து. மஞ்சள் எரிஞ்சா சீக்கிரம் பாரு. பச்சை, நீலம்னா அந்த விளக்கு போட்டிருக்கே அவ்வளவுதான். நீலம் மட்டும் ஹை பீம். நீலம் எரிஞ்சுக்கிட்டே எதிர்ல வண்டி வந்தா அவன் கண்ணைக் குருடாக்குறீங்கன்னு அர்த்தம். எண்ணெய்க் குடம் மாதிரி சிவப்பு படம் வந்தா இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டக்கூடாது, எஞ்சின் போயிடும். சிவப்பு வட்டத்துல ஆச்சரியக்குறி, அது ஹேண்ட்பிரேக்கா இருக்கலாம், பிரேக் ஆயில் குறைஞ்சதாவும் இருக்கலாம். ஹேண்ட்பிரேக்கை விட்டதுக்கு அப்புறமும் அணையலன்னா ஆளுங்களை ஏத்தவே கூடாது. டீசல் வண்டியில காலைல சாவியைத் திருப்பினா ஜிலேபி மாதிரி சுருள் ஒண்ணு மஞ்சளா எரியும். அது அணைஞ்ச பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். அந்த ஜிலேபி பேர் எங்க ஃபேக்டரியில நிலைச்சிடுச்சு.

அப்புறம் சிக்னல் வழக்கத்தை விட வேகமா டிக் டிக்குனு அடிச்சா சந்தோஷப்படாதீங்க. அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிடுச்சு. மின்சாரம் எடுக்கிறது குறைஞ்சதும் அது வேகமா அடிக்கும். வண்டியே சொல்லுது, நாமதான் கேக்குறதில்ல.

புது வண்டி வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க. பகல்ல தானா எரியுற விளக்கு முன்னாடி மட்டும்தான் எரியும், பல வண்டியில பின்னாடி எரியாது. டாஷ்போர்டும் எப்பவும் பளிச்சுனு இருக்கிறதால லைட் போட்டிருக்கோம்னு நினைச்சிட்டு ராத்திரி இருட்டுல வால் விளக்கு இல்லாம போறாங்க. இங்க சாயங்காலம் 7 மணியிலேருந்து காலை 7 மணி வரைக்கும் லைட் கட்டாயம். ஆனா மழைக்கு மணி பார்க்கத் தெரியாது. அன்னைக்கு ஆறரைக்கு நாங்க போட்டிருக்க வேண்டியது டபுள் சிக்னல் இல்ல, சாதாரண ஹெட்லைட். முன்னாடியும் பின்னாடியும் எரிஞ்சிருக்கும், சிக்னலும் வேலை செஞ்சிருக்கும். ஒரு திருகு, அவ்வளவுதான்.

ஜப்பான் லாரியில சிக்னல் வலது கைப்பக்கம், ஐரோப்பா வேன்ல இடது கைப்பக்கம். வண்டி மாத்தி ஓட்டுறவங்க திரும்பும்போது வைப்பரைப் போட்டுட்டு நிப்பாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா வெயில்ல வைப்பர் ஆடுற வேனைப் பார்த்தா நாங்க இப்போ ரெண்டு மீட்டர் தள்ளியே போறோம்.

மோட்டார் சைக்கிள் தம்பிக்கு ரெண்டு மாசம் வேலை இல்ல. நாங்க, தொண்டர்கள் சில பேர், டிரைவர் தம்பி எல்லாரும் சேர்ந்து எங்களால முடிஞ்சதைக் கொடுத்தோம். முதல்ல வாங்க மாட்டேன்னாரு. அப்புறம் அவங்க அம்மா வாங்கிக்கிட்டாங்க. ஹரி ராயாவுக்குப் போன் போட்டா பேசுவாரு. தோள் மழை நாள்ல வலிக்குதாம். எங்க டிரைவர் தம்பி இப்போ வேற ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறான். எங்களையும் விடுறதில்ல. "அண்ணே, நீங்க வாயைத் திறக்காதீங்க, நான் பார்த்துக்கிறேன்"னு ஒரு தடவை சொன்னான். கோபம் வரல.

இப்போ பூஜை விஷயத்துக்கு வருவோம். போன வருஷம் மாதிரியே, எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில வைக்கிறதுக்கு முன்னாடி விளக்கு எல்லாம் போட்டுப் பார்ப்போம். ஐயர் ஒத்துக்கிட்டாரு, "நல்லதுதானே, விளக்கேத்திட்டுத்தானே பூஜை"ன்னாரு. போன வருஷம் வந்த வண்டியில அஞ்சுக்கு பிரேக் லைட் ஒரு பக்கம் எரியல, ஓட்டுறவருக்கே தெரியாது. எப்படித் தெரியும், முன்னாடி உக்காந்து பின்னாடி பார்க்க முடியாதே. தனியா இருந்தா ராத்திரி சுவரைப் பார்த்து வண்டியைப் பின்னால கொண்டுபோய் நிறுத்தி பிரேக்கை மிதிச்சுப் பாருங்க, சுவர்ல சிவப்பு ரெண்டு பக்கமும் விழணும்.

கார், வேன், லாரி எதுவானாலும் காலைல எட்டு மணிக்குள்ள கார்பார்க்குக்கு வந்துடுங்க. அதுக்கு மேல வந்தா வரிசை ரோட்டுக்குப் போயிடும், அப்புறம் சம்மன் வந்தா எங்களைக் கேக்காதீங்க. பூ, மாலை, சந்தனம் கோயில்லயே இருக்கு. எலுமிச்சம்பழம் நாலு கொண்டு வாங்க. தேக்கா மார்க்கெட்ல முதல் நாளே வாங்கி வச்சிடுங்க, அன்னைக்குக் காலைல கிடைக்காது. வரும்போது தனியா வராம யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. வண்டிக்குப் பின்னாடி நின்னு "எரியுது, எரியல"ன்னு சொல்ல ஆள் வேணும்.